பீஸ் ஸ்டேஷனில் வந்த ரத்தக் கொதிப்புக்கு டிஸபிலிட்டி பென்ஷன் உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

ராணுவப் பணியில் இருந்தபோது வந்த நாள்பட்ட நோய்களுக்கான டிஸபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) பற்றி முன்னாள் படைவீரர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும் இந்த இதழில்.

கேள்வி: 24 ஆண்டு பணி முடித்து 2019-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு முன் நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டில் (மருத்துவக் குழுப் பரிசோதனையில்) ரத்தக் கொதிப்புக்கு 30% ஊனம், சர்க்கரைக்கு 20%, இரண்டுக்கும் சேர்த்து 40% என்று போட்டார்கள். ஆனால் இரண்டும் பணிக்குச் சம்பந்தமில்லாதவை என்று எழுதி பென்ஷனை மறுத்துவிட்டார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது நான் பீஸ் ஸ்டேஷனில் (போர்ப் பகுதி அல்லாத, அமைதியான ஊரில்) இருந்தேன். அதற்கு முன்பு மூன்று ஆண்டு காஷ்மீரில். இனி வழி உண்டா?
– முன்னாள் ஹவில்தார், வேலூர் மாவட்டம்

பதில்: உண்டு ஐயா. முதலில் உங்கள் போர்டு பேப்பரை எடுத்து மேசையில் வையுங்கள். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று அச்சிட்டிருக்கும். அதில் போர்டின் கருத்து வரும் ஐந்தாம் பகுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் நேராக மூன்று கேள்விகள்: பணியால் வந்ததா, பணியால் கூடியதா, பணிக்குத் தொடர்பில்லாததா. அவற்றுக்குப் பக்கத்தில், காரணம் எழுதுவதற்கென்று ஒரு கட்டம். உங்கள் வழக்கு முழுக்க அந்தக் காரணக் கட்டத்தில்தான் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலான பேப்பர்களில் அங்கே இரண்டு வரிக்கு மேல் இருக்காது. 'பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, பீல்டு (போர்முனை, எல்லைப் பகுதி), உயர்மலைப் பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி எதனுடனும் நெருங்கிய காலத் தொடர்பு இல்லை, ஆகவே என்.ஏ.என்.ஏ.' என்று முடித்துவிடுவார்கள். பணியால் வரவும் இல்லை, கூடவும் இல்லை என்பதன் நாலெழுத்துச் சுருக்கம் அது. கூடவே மருத்துவ அதிகாரிகள் வழிகாட்டியின் ஆறாம் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தி எண் இருக்கும். ரத்தக் கொதிப்புக்குப் பத்தி 43, சர்க்கரைக்கு 26, இதயத் தமனி நோய்க்கு 47, மனநோய்க்கு 54. பத்தி எண்ணைக் குறிப்பிட்டுவிட்டால் காரணம் சொன்னதாக ஆகிவிடாது. உங்கள் உடம்பில் இந்த நோய் எப்படி, எதனால் வந்தது என்று போர்டு சொல்லியிருக்கிறதா என்பதே கேள்வி. பலருடைய பேப்பரில் அது இருப்பதில்லை.

அடுத்து, இந்தப் பென்ஷன் யாருக்கு உண்டு என்று சொல்லும் உரிமை விதிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். பணியிலிருந்து வெளிவந்த தேதிதான் இதை முடிவு செய்கிறது. 2008 ஜனவரி 1-க்கு முன்பு வந்தவர்களுக்கு 1982-ம் ஆண்டு உரிமை விதிகள். அன்றிலிருந்து 2023 செப்டம்பர் 20 வரை வந்தவர்களுக்கு 2008 விதிகள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு 2023 விதிகள். நீங்கள் 2008 விதிகளின் கீழ் வருகிறீர்கள். சேரும்போது நோய் இல்லை, பணியில் வந்தது, ஆகவே பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1982 விதிகளில் தெளிவாக இருந்த அனுமானத்தை 2008 விதிகளில் எடுத்துவிட்டார்கள். 1982 விதிகளை வைத்து உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னதை மட்டும் எழுதி அனுப்பினால், 'அது பழைய விதி' என்று பதில் வருவது இதனால்தான்.

அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். 2008 விதிகளிலும், நிரூபிக்கும் பொறுப்பு சாதாரணமாக மனுதாரர்மேல் வராது என்ற விதி இருக்கிறது. ஓய்வு பெற்று 15 ஆண்டு கழித்து, ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு கேட்டால்தான் பொறுப்பு உங்கள் பக்கம் சாயும். நீங்கள் அந்த 15 ஆண்டுக்குள் இருக்கிறீர்கள். 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் கவாஸ் அனில் மாட்ஸோ வழக்கில் இந்த 2008 விதிகளையே எடுத்து அலசியது. அதுவும் சர்க்கரை நோய் வழக்கு. பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்க முடியாது, பணி காரணமில்லை என்றால் வேறு எது காரணம் என்று போர்டு சொல்ல வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதோடு ராணுவ மருத்துவப் பணிகள் ஒழுங்குமுறை 1983-ன் பத்தி 423(அ)-வையும் சேருங்கள். நோய்க்கான காரணம் பீல்டில் ஏற்பட்டதா, சாதாரண அமைதிச் சூழலில் ஏற்பட்டதா என்பது பொருட்டல்ல என்று அது நேரடியாகவே சொல்கிறது.

உங்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது. அதே போர்டு பேப்பரின் முதல் பகுதியில் நீங்கள் பணியாற்றிய இடங்களின் பட்டியல் இருக்கும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஊர், பீஸா பீல்டா. காஷ்மீர் மூன்றாண்டு அதில் பீல்டு என்று பதிவாகியிருக்கிறதா? அங்கிருந்து வந்து எத்தனை மாதத்தில் ரத்தக் கொதிப்பு கண்டுபிடிக்கப்பட்டது? ரத்தக் கொதிப்பு சத்தமில்லாமல் வளரும் நோய். பீல்டில் இருக்கும்போது தலைவலி என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பீஸுக்கு வந்தபின் ஆண்டுப் பரிசோதனையில் பிடிபடுவதுதான் வழக்கமான கதை. கண்டுபிடித்த தேதியும் தொடங்கிய தேதியும் ஒன்றல்ல என்பதை அப்பீலில் அழுத்தி எழுதுங்கள். இடைவெளி மாதக்கணக்கில் என்றால் உங்கள் கை ஓங்கும். ஆறேழு ஆண்டு என்றால் அந்த வாதம் நிற்காது. அப்போது 'காரணம் சொல்லப்படவில்லை' என்ற வாதத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பணியால் கூடியது என்று ஏற்றாலே போதும், பென்ஷன் உண்டு. 'வந்தது' என்று நிரூபிக்கத் திணறி, 'கூடியது' என்ற கோரிக்கையை எழுத மறந்துவிடுகிறவர்கள் பலர். இரண்டையும் எழுதுங்கள்.

காலக்கெடு: மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், ரெக்கார்டு ஆபீஸ் (உங்கள் படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) வழியாக. அதுவும் நிராகரிக்கப்பட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். அதன்பின் ராணுவத் தீர்ப்பாயம். தமிழகத்துக்குச் சென்னைக் கிளை. அப்பீலுக்கு ஆறு மாதம் வரை பதிலே வராவிட்டாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உங்கள் கெடு எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் தாமதத்துக்கான காரணத்தை எழுதி அப்பீலை அனுப்புங்கள். பிறகு தீர்ப்பாயத்தில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு வழக்குப் போடலாம். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டியது என்பதால் மறுப்பும் மாதாமாதம் தொடரும் தவறு என்பதை 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே தீர்ப்பு நிலுவைத் தொகைக்கு ஒரு வரம்பும் வைத்தது: பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் நிலுவை. இனி நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத் தொகை கைவிட்டுப் போகும்.

கேள்வி: மெடிக்கல் போர்டு நகல் என்னிடம் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகம் மட்டும் இருக்கிறது. எங்கே கேட்பது?
– முன்னாள் நாயக், தேனி

பதில்: உங்கள் ரெக்கார்டு ஆபீஸில். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் பொறியாளர் படை) பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ.க்கு (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத், ஏ.எம்.சி.க்கு (ராணுவ மருத்துவப் படை) லக்னோ. விமானப் படையினருக்குப் புதுதில்லி சுப்ரதோ பார்க்கில்.

சாதாரணக் கடிதமாகப் போட்டால் எங்கே போயிற்று என்றே தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், அங்குள்ள பொதுத் தகவல் அதிகாரிக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ பாதி கொடுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அடையாள அட்டை நகலையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் சொந்த மருத்துவப் பதிவை நீங்களே கேட்கிறீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

எதைக் கேட்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. 'என் மருத்துவ ஆவணங்கள்' என்று மொத்தமாகக் கேட்டால் ஒற்றைத் தாள் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: கடைசி போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16, எல்லாப் பக்கங்களும் இணைப்புகளும், சிறப்பு மருத்துவரின் கருத்தும் சேர்த்து; முதன்முதலில் மருத்துவக் கேட்டகிரி (உடல்தகுதி நிலை) குறைத்தபோதும் அடுத்தடுத்த மறு ஆய்வுகளிலும் நடந்த போர்டுகளின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15 தாள்கள், படையில் சேர்ந்தபோது செய்த மருத்துவப் பரிசோதனைத் தாள், ஷீட் ரோல் (பணி வரலாற்றுப் பதிவு), பென்ஷன் மறுத்த கடிதமும் அதற்கு அடிப்படையான குறிப்பும். இவற்றில் சேர்ப்புத் தாளை எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். அதில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்பதுதான் உங்கள் வழக்கின் முதல் செங்கல்.

கேள்வி: என் கணவர் 1990-களில் சிப்பாயாக இருந்தபோது மனநோய் என்று சொல்லி ஒன்பதாண்டுப் பணியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்தப் பென்ஷனும் இல்லை. பிறவியிலேயே உள்ள கோளாறு என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் இரு குடும்பத்திலும் யாருக்கும் இந்த நோய் இல்லை. இத்தனை காலம் கழித்துக் கேட்க முடியுமா?
– ஒரு படைவீரரின் மனைவி, சிவகங்கை மாவட்டம்

பதில்: கேட்கலாம் அம்மா. உங்கள் கணவருக்குப் பழைய 1982 விதிகள் பொருந்தும் என்பது உங்களுக்குச் சாதகம்.

அந்த விதிகளின்படி, சேரும்போது நோய் பற்றிக் குறிப்பில்லை என்றால் ஆள் நல்ல உடல்நலத்தோடு, நல்ல மனநலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். சேரும்போது பரிசோதித்தும் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு சொன்னால், ஏன் முடியாது என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் மனுதாரருக்கு. அந்த விதிகளின் இணைப்பில், பணியின் மன அழுத்தத்தால் பாதிக்கப்படும் நோய்களின் பிரிவிலேயே மனநோய்கள் இடம்பெற்றிருக்கின்றன. ரத்தக் கொதிப்பும் மாரடைப்பும்கூட அதே பிரிவில்தான். தரம்வீர் சிங் வழக்கு 1994-ல் வலிப்பு நோய்க்காக அனுப்பப்பட்டவருடையது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜுமோன் வழக்கு உங்களுடையதற்கு இன்னும் நெருக்கமானது. அது மனச்சிதைவு என்ற மனநோய் பற்றிய வழக்கு. போர்டு காரணம் எழுதவில்லை என்பதையே முக்கியமாக எடுத்துக்கொண்டு, பென்ஷன் தரச் சொன்னது நீதிமன்றம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கிலும் 2022-ல் முனுசாமி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. மனநோய் என்றாலே இயந்திரத்தனமாகப் பென்ஷன் தர முடியாது என்பது முதல் வழக்கின் போக்கு; நிபுணர்களான மருத்துவ போர்டின் கருத்தைத் தீர்ப்பாயம் எளிதில் தள்ளிவிடக் கூடாது என்பது இரண்டாவதன் போக்கு. ஆகவே எல்லாம் உங்கள் கணவரின் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'பிறவிக் கோளாறு' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றிருந்தால் வழக்கு வலுவானது. சேர்வதற்கு முன்பே சிகிச்சை எடுத்தார் என்றோ, குடும்பத்தில் யாருக்கோ இருந்தது என்றோ குறிப்பு இருந்தால், அது எங்கிருந்து வந்தது, யார் சொன்னது என்று தேட வேண்டும். நோயின் உச்சத்தில் இருந்தவர் உளறியதை 'குடும்ப வரலாறு' என்று குறித்து வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

பழைய ஆவணங்களை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே பத்திரப்படுத்துங்கள். பிறகு உங்கள் கையில் இருப்பதைத் தேடுங்கள்: டிஸ்சார்ஜ் சான்றிதழ், ராணுவ மருத்துவமனைச் சீட்டு, அனுப்பிய பிறகு இன்றுவரை உள்ளூரில் எடுத்த சிகிச்சையின் சீட்டுகள். 'மருத்துவக் காரணத்தால் விடுவிப்பு' என்ற குறிப்பு டிஸ்சார்ஜ் சான்றிதழில் இருந்தால் அது பெரிய பலம்.

நோயால் இடையில் அனுப்பப்பட்டவருக்கு டிஸபிலிட்டி பென்ஷன் கிடைத்தால் இரண்டு பங்கும் வரும்: பணிக்கான பங்கு, ஊனத்துக்கான பங்கு. 15 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே கிடையாது. ஒன்பதாண்டு போதாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வக்கீல் செலவை எண்ணித் தயங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-ம் பிரிவின்படி பெண்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழிகாட்டுவார்கள். கணவரால் சொந்தமாக வழக்கு நடத்த முடியாத நிலை என்றால், அவர் சார்பில் நீங்கள் நடத்துவதற்கு அவரது இப்போதைய மருத்துவச் சான்று வேண்டும். அதை முதலிலேயே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 15% முதல் 19% வரை என்று போட்டிருக்கிறார்கள். பணியால் கூடியது என்றும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் பென்ஷன் இல்லை என்கிறார்கள். சரியா?
– முன்னாள் சுபேதார், திருநெல்வேலி

பதில்: முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர் என்றால் சரிதான். 20%-க்குக் குறைந்தால் ஊனப் பங்கு இல்லை என்று 2019 டிசம்பரில் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. சதவீதத்தை மேல்நோக்கிச் சரிக்கட்டும் விதியும் 20-ஐத் தொட்டவர்களுக்குத்தான். அந்தச் சதவீதமே தவறு என்று உங்கள் மருத்துவப் பதிவுகள் காட்டினால் அதை எதிர்த்து அப்பீல் செய்யலாம். நோயால் இடையிலேயே அனுப்பப்பட்டவர் கதை வேறு: பணியில் வைத்திருக்க முடியாத அளவு ஊனம் என்றால் அது 20%-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் சொல்லப்பட்டது.

கேள்வி: 30% ஊனத்தை 50% ஆக்குவார்கள் என்கிறார்களே, அது எப்படி? கையில் எவ்வளவு கூடும்?
– முன்னாள் ஹவில்தார், கிருஷ்ணகிரி

பதில்: பிராட் பேண்டிங் என்பது அதுதான். பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 கடிதப்படி, 50-க்குக் குறைந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், 76 முதல் 100 வரை 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கடிதம் நோயால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கென்று எழுதப்பட்டது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அப்படி வந்தவர்களில் பலர் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கணக்கு இது. 100% ஊனத்துக்கான பங்கு, கடைசி மாத ஊதியத்தில் 30%. ஊதியம் என்பதில் ராணுவப் பணிப்படி 5,200 ரூபாயும் சேரும். அது சேர்ந்து கடைசி ஊதியம் 40,000 என்று வையுங்கள். 100 சதவீதத்துக்கு 12,000. 30% என்றால் 3,600. அது 50% ஆனால் 6,000. மாதம் 2,400 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும் கூடும். 30 சதவீதமா 40 சதவீதமா என்று சண்டை போடுவதில் பயனில்லை என்பதும் இதிலிருந்தே தெரியும்; இரண்டும் 50-ல்தான் போய் நிற்கும். ஒன்று கவனியுங்கள்: பல நோய்கள் இருந்தால் அவற்றை அப்படியே கூட்டிவிட மாட்டார்கள், சேர்த்து மதிப்பிடுவார்கள். பணிக்குத் தொடர்பு என்று ஏற்கப்பட்ட நோய்களின் சதவீதம் மட்டுமே அதில் கணக்கு.

கேள்வி: நான் இன்னும் பணியில் இருக்கிறேன். நாயப் சுபேதார். 2021-ல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து லோ மெடிக்கல் கேட்டகிரி. சில மாதங்களில் ரிலீஸ் போர்டு. இப்போதே என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியைப் பணியில் இருக்கும்போதே கேட்பவர்கள் குறைவு. ஓய்வுக்குப் பிறகு பத்தாண்டு வழக்காடுவதைவிட போர்டுக்கு முந்தைய பத்து நாள் உழைப்பு மேல்.

மாரடைப்பு வழக்குகளில், தாக்கிய நாளுக்கு முந்தைய 14 நாட்களில் நீங்கள் என்ன பணி செய்தீர்கள் என்ற விவரத்தை யூனிட் எழுதித் தருவது வழக்கம். 2021-ல் உங்களுக்கு அப்படி எழுதப்பட்டதா என்று பாருங்கள். 'சாதாரண அலுவலகப் பணி' என்று கிளார்க் ஒருவர் நிரப்பி, அதில் அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தால், பின்னால் உங்களை வீழ்த்துவது அந்த ஒற்றை வரிதான். உண்மையில் இரவுக் காவல், பயிற்சி முகாம், அணிவகுப்பு ஏற்பாடு, கான்வாய் என்று எதில் இருந்தீர்களோ, அதன் யூனிட் உத்தரவு நகல்களைத் தேடி எடுங்கள். யூனிட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் அந்தக் காகிதங்கள் கிடைக்காது.

போர்டு தாளின் முதல் பகுதியில் உங்கள் வாக்குமூலம் வரும். நோய் எப்போது, எங்கே தொடங்கியது, எங்கே சிகிச்சை என்று கேட்டிருப்பார்கள். பணியிட அட்டவணையில் ஒவ்வொரு இடத்துக்கும் பீஸா, பீல்டா, உயர்மலையா என்பது சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்த்து, பிறகு கையெழுத்திடுங்கள். பணிச்சுமையால் நோய் வந்தது அல்லது கூடியது என்று கோருகிறீர்களா என்ற இடத்தை வெறுமையாக விடாதீர்கள். நாலு வரி போதும்: எந்த மாதம், எந்த இடம், என்ன பணி, என்ன அறிகுறி. 'குறை ஒன்றும் இல்லை' என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டு வந்தவர்கள் பின்னால் படும் பாடு வேதனையானது. கமாண்டிங் ஆபீசர் நிரப்பும் பகுதியும் அதே தாளில் வரும். உங்கள் பணியின் கடுமையைச் சொல்லும் இடம் அது. போர்டுக்கு முன்பே அவரைப் பார்த்து விவரத்தைத் தெரிவியுங்கள்.

எடையையும் பாருங்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைவிட அதிகம் என்றும் புகைப் பழக்கம் உண்டு என்றும் பதிவானால், போர்டு அதையே காரணமாக எழுதும். அது 'சொல்லப்பட்ட காரணம்' ஆகிவிடும், உடைப்பது கடினம். பழக்கம் இல்லாதவருக்கு உண்டு என்று தவறாகப் பதிவாகியிருந்தால் இப்போதே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள்.

உங்களுக்கு 2023 விதிகள் பொருந்தும். நோயோடு தொடர்ந்து பணியாற்றி ஓய்வு பெறுபவருக்கு வரும் தொகைக்கு இப்போது 'இம்பேர்மெண்ட் ரிலீஃப்' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாறியதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். போர்டு முடிந்ததும் அதன் நகலை வாங்காமல் மட்டும் யூனிட்டை விட்டு வராதீர்கள்.

கேள்வி: சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே பணியிலிருந்து ஓய்வு பெற்று வந்தேன். அதனால் டிஸபிலிட்டி பென்ஷன் இல்லை என்கிறார்கள்.
– முன்னாள் நாயக், நாமக்கல்

பதில்: 2006 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ வந்தவர் என்றால் அந்தப் பதில் தவறு. பணியால் வந்ததாக அல்லது கூடியதாக ஏற்கப்பட்ட நோயோடு பணியில் தொடர்ந்து, பிறகு விரும்பி ஓய்வு பெற்றவருக்கும் ஊனப் பங்கு உண்டு என்று பாதுகாப்பு அமைச்சகம் 2009 செப்டம்பர் 29-ல் கடிதம் வெளியிட்டிருக்கிறது. அதைத் தேதியோடு குறிப்பிட்டு ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஸ்பர்ஷுக்கு (படைவீரர் பென்ஷனுக்கான இணையதளம்) மாறிய பிறகு என் பென்ஷனில் ஊனப் பங்கு தனியாகத் தெரியவில்லை. தொகையும் குறைந்ததுபோல் இருக்கிறது.
– முன்னாள் ஹவில்தார், தஞ்சாவூர்

பதில்: ஸ்பர்ஷில் நுழைந்து உங்கள் பி.பி.ஓ.வை (பென்ஷன் வழங்கும் உத்தரவை) இறக்கி, பழைய காகித பி.பி.ஓ.வோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஊனச் சதவீதம், அது நிரந்தரமா குறிப்பிட்ட காலத்துக்கா, கடைசி ஊதியம், குரூப், பணிக்காலம் – இந்த ஐந்தையும் பாருங்கள். மாற்றும்போது ஊனம் விட்டுப்போயிருந்தால் பழைய பி.பி.ஓ.வையும், அதைத் திருத்திய கோரிஜெண்டம் பி.பி.ஓ. இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து அங்கேயே புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, பதில் திருப்தியில்லை என்றால் பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு அதே எண்ணைக் காட்டி எழுதுங்கள். இதற்கு வழக்கு தேவையில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் டிஸபிலிட்டி பென்ஷனுக்காகத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தார். தீர்ப்பு வருமுன் போய்விட்டார். வழக்கு அவரோடு முடிந்துவிடுமா?
– ஒரு படைவீரரின் மனைவி, கோவை

பதில்: முடியாது அம்மா. ஊனப் பங்கு அவர் உயிரோடு இருந்த காலத்துக்கானது. இறந்த நாள் வரை அவருக்கு வர வேண்டிய நிலுவை உங்களுக்குச் சேரும். வழக்கில் அவர் இடத்தில் உங்களைச் சேர்க்கும்படி வக்கீல் மூலம் உடனே மனுப் போடுங்கள். இதற்கும் கெடு உண்டு, காரியமெல்லாம் முடியட்டும் என்று மாதங்களைக் கடத்திவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் பெயர் உள்ள பி.பி.ஓ. இந்த மூன்றும் வேண்டும்.

அவர் எந்த நோயால் இறந்தார் என்பதையும் பாருங்கள். வழக்கில் கேட்டிருந்த நோயே மரணத்துக்கும் காரணம் என்றால், சாதாரணக் குடும்பப் பென்ஷனான 30%-க்குப் பதிலாக 60% வரும் ஸ்பெஷல் குடும்பப் பென்ஷனுக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். அந்த நோய் பணியோடு தொடர்புடையது என்று தீர்ப்பில் வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். மருத்துவமனை தரும் மரணக் காரணச் சான்றில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் அது உதவாது. எந்த நோய் அதற்கு இட்டுச் சென்றது என்பதும் அதில் இருக்க வேண்டும். விடுபட்டிருந்தால், அவருடைய சிகிச்சைப் பதிவுகளைக் காட்டி, அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.